வெட்டிய சிரிப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது கைப்பேசியில் வந்திருந்த மூன்று வரிகளை.

"அக்கா இன்று எல்லாவற்றையும் கேட்டாள். இது என் குரலே இல்லை என்கிறாள். சரிசெய்யாவிட்டால் ஒரு சொல்கூட வெளியே போகக் கூடாதாம்."

அனுப்பியவர் கனடாவின் வடக்கே ஏரிக்கரை ஊர் ஒன்றில் இருக்கும் பெண்மணி. எங்களுக்குச் செவ்வாய் விடியும்போது அவருக்குத் திங்கள்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம். அடுத்த திங்கட்கிழமை அவருடைய இணைய வகுப்பு தொடங்க இருந்தது. ஒஜிப்வே மொழி வகுப்பு. வட அமெரிக்காவில் அல்கோங்கியன் என்று ஒரு மொழிக் குடும்பம் உண்டு. தமிழும் கன்னடமும் மலையாளமும்போல ஒன்றுக்கொன்று உறவான மொழிகள். ஒஜிப்வே அவற்றில் ஒன்று. இந்தப் பெண்மணி நாற்பது வயதுக்கு மேல்தான் அதை முறையாகக் கற்றவர். பாட்டி வீட்டில் வளர்ந்த அவருடைய அக்காவுக்கு அது வாயில் ஊறிய மொழி. அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பாடம் நடத்துவது தங்கை, குரல் அக்காவுடையது. இணையப் பக்கத்தில் ஒரு சொல்லை அழுத்தினால் அக்கா அதைச் சொல்ல வேண்டும். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.

அந்த அறுநூற்றுப் பன்னிரண்டையும் வெட்டிச் சீராக்கியவன் நான், திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு.

எப்படி இந்த வேலை என் கைக்கு வந்தது என்பதில் பெரிய கதை இல்லை. முப்பத்தோரு வருடம் செய்தித்தாளில் துணை ஆசிரியனாக இருந்தேன். கடைசி இரண்டு வருடம், செய்தியைப் படித்துக் காதுக்குக் கொடுக்கும் பகுதி ஒன்றை நிர்வாகம் தொடங்கியது. வேறு யாரும் முன்வராததால் ஒலியை வெட்டி ஒட்டும் வேலை என் தலையில் விழுந்தது. ஓய்வு பெற்ற பிறகு, உடன் வேலை பார்த்தவரின் மகள், கனடாவில் நூலகம் ஒன்றில் இருப்பவள், கேட்டாள்: "அங்கிள், இங்க ரெண்டு பேரு கிச்சன்ல உக்காந்து பேசிப் பேசி ரெக்கார்டு பண்ணி வச்சிருக்காங்க. வார்த்தை வார்த்தையா வெட்டித் தரணும். உங்களுக்குப் பொழுது போகுமா?" போகும் என்றேன்.

பதினான்கு அமர்வுகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அக்கா ஒரு சொல்லை இரண்டு முறை சொல்வார். பிறகு அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்வார். பிறகு சிரிப்பார். ஆரம்பத்தில் மூக்கால் வரும், நடுவில் காணாமல் போகும், முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போது தொண்டையிலிருந்து திரும்பி வரும். அவர் சிரித்தால் தங்கையும் சிரிப்பார். பின்னணியில் நாய் நகத்தால் தரையைப் பிராண்டும், நாற்காலி கிறீச்சிடும், கெட்டில் கொதிக்கும்.

கூடவே ஒரு பக்கக் குறிப்பும் வந்தது. அதில் ஒரு வரி: தேவையற்றதை நீக்கவும்.

துணை ஆசிரியனிடம் இப்படி எழுதிக் கொடுக்கக் கூடாது. நீக்கினேன். நாயை நீக்கினேன், நாற்காலியை நீக்கினேன், கெட்டிலை நீக்கினேன். "ம்ம்" என்று அவர் யோசிப்பதை நீக்கினேன். சிரிப்பை ஒன்றுவிடாமல் நீக்கினேன். ஒரு சொல், ஒன்றரை வினாடி, முன்னும் பின்னும் மௌனம். அச்சுக்குப் போகும் தலைப்பு மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னொன்றும் செய்தேன். பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் அச்சுக்குப் போனதும் அன்றைய மூலக் கோப்புகளை அழித்துவிட வேண்டும். கணினியில் இடம் இருக்காது, மறுநாள் ஆள் வந்து கத்துவார்கள். முப்பத்தோரு வருடப் பழக்கம். ஒவ்வொரு அமர்வையும் வெட்டி அனுப்பிய அன்று சாயங்காலமே மூலத்தை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டுத்தான் காப்பி குடிப்பேன்.

செவ்வாய் காலை ஆறே காலுக்குத் தங்கைக்கு எழுதினேன்: "உங்களிடம் மூலப் பதிவு இருக்கிறதல்லவா?"

ஆறு இருபதுக்குப் பதில் வந்தது. "ஒரே ஒரு மெமரி அட்டைதான். உங்களுக்கு அனுப்பியதும் ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு அதிலேயே அடுத்த அமர்வைப் பதிவு செய்துகொண்டோம். நீங்கள் பத்திரிகைக்காரர், பத்திரமாக வைத்திருப்பீர்கள் என்று நினைத்தோம்."

மறுபடி பதிவு செய்யலாமே என்று கேட்டேன். முடியாது. அக்காவுக்கு மேல்வரிசைப் பல் முழுவதையும் எடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. புதுப் பல்செட் இன்னும் பிடிபடவில்லை. பேசினால் காற்றுப் போகிறது. "அப்படியே சரியானாலும் அவள் உட்கார மாட்டாள். சொன்ன வேடிக்கையைத் திரும்பச் சொல்ல அவளுக்குப் பிடிக்காது."

அதற்குக் கீழே தங்கை இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தார். அவர்கள் ஊரில் அம்மா அப்பா காலத்தவர் பலர் இந்த மொழியைப் பேசியதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்கள். அதனால் வீட்டில் பிள்ளைகளிடம் பேசாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள்தான் இப்போது நடுத்தர வயதில் பயந்து பயந்து கற்றுக்கொள்ள வருகிறார்கள். "சுத்தமான உச்சரிப்பை அவர்கள் எங்கேயாவது கேட்டுக்கொள்வார்கள். இந்த மொழியில் ஒருத்தி சிரிப்பதைத்தான் அவர்கள் கேட்டதில்லை. நான் அதை உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்."

சொல்லாதது தன் தவறு என்று அவர் எழுதியதுதான் எனக்கு வலித்தது.

என் மனைவி வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். பிளவுஸ், சுடிதார், பள்ளிச் சீருடை. உடன் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருத்தி தாடிக்கொம்பிலிருந்து எட்டே முக்கால் பஸ்ஸில் வருகிறவள். இன்னொருத்தி பேகம்பூரிலிருந்து நடந்தே வருகிறவள், கொக்கி வைப்பதும் ஓரம் அடிப்பதும் அவள் வேலை. எனக்குக் காதில் சீழ் வந்ததிலிருந்து ஹெட்போன் ஆகாது. ஒலிபெருக்கியில் போட்டுத்தான் கேட்பேன். இரண்டு மாதமாக அந்த மூவரும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒஜிப்வே கேட்டுக்கொண்டே தைத்தார்கள்.

கேட்டதோடு நிற்கவில்லை. அர்த்தம் எழுதித் தரச் சொல்லி மனைவி நச்சரித்ததால், இருபது சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, அளவு பார்க்கும் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். நிபி என்றால் தண்ணீர். அனிமோஷ் என்றால் நாய். மக்வா என்றால் கரடி. ஒரு வாரத்தில் அது கடையின் ரகசிய மொழி ஆகிவிட்டது. "அக்கா, செத்த நிபி குடுங்க" என்பாள் தாடிக்கொம்புக்காரி. வாசலில் ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளரின் ஸ்கூட்டி நின்றால், பேகம்பூர்க்காரி ஊசியை நிறுத்தாமல், "மக்வா வருது" என்பாள். அந்த அம்மாள் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. பெயர் வைத்தது உருவத்துக்காக அல்ல, உறுமலுக்காக. தைத்த எந்தக் கையும் அவருக்குச் சரியாக இருந்ததில்லை.

அன்று காலை மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் இட்லிமாவில் கரண்டியை நிறுத்தினாள்.

"எல்லாத்தையும் அழிச்சுப்புட்டீங்களா?"

"ஆமா."

"அந்தம்மா சிரிச்சதெல்லாம் வேணாம்னு வெட்டுனீங்களா?"

"தேவையற்றதை நீக்கச் சொன்னாங்க."

"உங்ககிட்டப் போயி சொன்னாங்க பாருங்க." கரண்டி மறுபடி ஓடியது. இரண்டு இட்லித் தட்டு நிரம்பிய பிறகு சொன்னாள்: "எங்ககிட்ட இருக்கு."

நான் மத்தியானம் தூங்கும் நேரத்தில் கடை அமைதியாக இருப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லையாம். ஒவ்வொரு அமர்வு வந்ததும், நான் அழிப்பதற்குள், என் கணினியிலிருந்து ஒரு பென்டிரைவில் ஏற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"எங்க அது?"

"இங்க இல்ல. பேகம்பூர்க்காரி நாத்தனா கேட்டான்னு குடுத்துவிட்டுருக்கா. வத்தலக்குண்டுல இருக்கு."

எட்டரைக்கு வந்த பேகம்பூர்க்காரி விவரம் சொன்னாள். நாத்தனாருக்கு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சமோசாக் கடை. வெங்காயம் உரிக்க இரண்டு பெண்கள். "மத்தியானம் ஆனா அதுக ரெண்டும் தூங்கி விழுகுதாம் அண்ணே. இதப் போட்டா முழிச்சுக்கிருதாம்."

ஒன்பதரை பஸ்ஸில் மடிக்கணினியோடு ஏறினேன். பதினொன்றுக்கு வத்தலக்குண்டு. கொடைக்கானல் பஸ்ஸுக்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாகக் காத்திருந்த கூட்டத்தைத் தாண்டி, எண்ணெய் வாசத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். கடையை நெருங்கும்போதே கேட்டுவிட்டது. மூக்கால் தொடங்கி, காணாமல் போய், தொண்டையிலிருந்து திரும்பி வரும் அந்தச் சிரிப்பு. அடுப்புக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வெங்காயச் சாக்கின் இருபுறமும் உட்கார்ந்து கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரப் பெண் என்னை வரவேற்றார். "வாங்கண்ணே, சொல்லிவிட்டுச்சு. இந்தாங்க சமோசா, மொதல்ல சாப்டுங்க. ஆனா இத எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னா நாங்க என்னத்தப் போடுறது?"

"நகல் எடுத்துட்டுத் திருப்பித் தந்துடுறேன்."

"அப்பச் சரி. ஒரு சந்தேகம் கேக்கணும். இவுக என்னதான் பேசுறாக? இங்க டீ குடிக்க வந்த டிரைவரு மலையாளம்ங்குறாரு. இன்னொருத்தரு இல்ல, மலை மேல பேசுற பாஷைங்குறாரு. ரெண்டு பேருக்கும் சண்டை."

கனடா என்றேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். "அம்புட்டுத் தூரத்துலயும் இப்பிடித்தான் சிரிக்கிறாகளா?"

பெஞ்சில் உட்கார்ந்து பென்டிரைவைச் செருகினேன். என் மனைவியின் வகைப்படுத்தல்: சிரிப்பு 1, சிரிப்பு 2, சிரிப்பு 3. பதினான்கு வரை இருக்க வேண்டும். பதின்மூன்று இருந்தன. சிரிப்பு 9 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கல்யாண வீடியோ இருந்தது.

"அது எங்க வீட்டுக்காரரு அக்கா மகன் நிக்காஹ்" என்றார் கடைக்காரப் பெண், எட்டிப் பார்த்து. "எடம் பத்தலன்னு ஒன்ன எடுத்துட்டு ஏத்துனாரு. அது முக்கியமாண்ணே?"

ஒன்பதாவது அமர்வு சமையலறைப் பொருள்கள். கெட்டில் அதில்தான் வரும். அகிக் என்பார்கள். அந்த மொழியில் கெட்டிலை உயிருள்ளதாகவே பேசுவார்கள். அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிவிட்டு அக்கா என்னவோ சொன்னார், பிறகு இரண்டு பேரும் முழுதாக ஒரு நிமிடம் சிரித்தார்கள். வெட்டும்போது அளந்தேன், அதனால் தெரியும். என்னிடம் மிச்சம் இருந்தது ஒன்றரை வினாடிச் சொல் மட்டும்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வீடியோவில் அழைத்தேன். திரையில் இரண்டு பேரும் இருந்தார்கள். அக்காவை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். பல் இல்லாததால் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். பதின்மூன்று கிடைத்துவிட்டன, ஒன்று கிடைக்கவில்லை என்று சொன்னேன். அக்கா தங்கையிடம் நீளமாக ஏதோ சொன்னார். தங்கை ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்கள் மனைவி எதற்காக அதை எடுத்து வைத்தார் என்று கேட்கிறாள்."

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஏன் எடுத்து வச்சேன்னு கேக்குறாங்க."

"என்ன கேள்வி இது? நல்லாருந்துச்சு, வச்சுக்கிட்டேன். அந்தம்மா சிரிச்சா எங்களுக்கும் சிரிப்பு வந்துருதுன்னு சொல்லுங்க. என்னத்துக்குச் சிரிக்கிறாகன்னே தெரியாது, கொக்கி வைக்கிறவ ஊசிய வெரல்ல குத்திக்கிற அளவுக்குச் சிரிச்சோம்னு சொல்லுங்க. அப்பறம், பல்லு எடுத்த வாய்க்கு மொளகு போட்டுக் கோழிச்சாறு வச்சுக் குடிக்கச் சொல்லுங்க. வாய மூடிக்கிற வேண்டாம், எங்க அத்தைக்கும் இல்ல, அதுபாட்டுக்குச் சிரிக்கும்னு சொல்லுங்க."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "பிடித்திருந்ததாம்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் இம்புட்டு நேரம் பேசுனேன். ஒத்த வார்த்தைல முடிச்சுட்டீங்க?"

மொழி தெரியாமலே அக்காவுக்கு அது புரிந்துவிட்டது. என்னைச் சுட்டிக்காட்டி, இரண்டு விரலைக் கத்தரிக்கோல்போல வெட்டிக் காட்டினார். பிறகு வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். மூக்கால் தொடங்கியது. மனைவியும் சிரித்தாள். நான் மறுபடி முழுதாக மொழிபெயர்த்தேன், கோழிச்சாறு உட்பட.

கெட்டிலைப் பற்றி அன்று என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். தங்கை சொன்னார்: "காலையிலிருந்து அடுப்பு மேல் உட்கார்ந்திருக்கிறான், ஒரு வேலையும் செய்யவில்லை, ஆனால் சத்தம் மட்டும் போடுகிறான், என் வீட்டுக்காரர் மாதிரி, என்றாள்." மனைவிக்கு அதைத் தமிழில் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் தீர்ப்பு வந்தது. பதின்மூன்றிலும் தன் சிரிப்பு திரும்ப வர வேண்டும். ஒன்பதாவதைத் தன்னால் மறுபடி சிரிக்க முடியாது, அந்தச் சிரிப்பு முடிந்துபோனது. தொலைத்தது இந்த வீடு. ஆகவே அந்த இடத்தில் இந்த வீட்டில் இருப்பவர்கள் சிரித்துத் தர வேண்டும். நிஜச் சிரிப்பாக இருக்க வேண்டும், கேட்டால் தனக்குத் தெரியும். அது வந்தால் திங்கட்கிழமை வகுப்பு நடக்கலாம்.

மூன்று நாள் ஒட்டினேன். வெட்டுவதைவிட ஒட்டுவது கடினம். எந்தச் சிரிப்பு எந்தச் சொல்லுக்கு உரியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதின்மூன்றும் முடிந்தன. நாற்காலியையும் நாயையும் அப்படியே விட்டேன்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முன்னறையில் மைக்கை வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். தையல் மிஷினை நிறுத்தச் சொன்னேன். மூவரும் வரிசையாக ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். "அகிக்" என்ற சொல்லைப் போட்டுவிட்டு, "ம், சிரிங்க" என்றேன்.

ஆதார் அட்டைக்குப் படம் எடுக்கிற மாதிரி மூவரும் விறைப்பாக என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன்.

"ஹா" என்றாள் தாடிக்கொம்புக்காரி.

"அது சிரிப்பாடி?" என்றாள் மனைவி.

"சாரு அப்படி மொறச்சுப் பாத்தா எப்பிடிக்கா வரும்? எளவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கு."

கெட்டில் வேடிக்கையைச் சொல்லிப் பார்த்தேன். என் மனைவி அதை ஏற்கெனவே இருவரிடமும் சொல்லியிருந்தாள், என்னைவிட நன்றாகவே சொல்லியிருக்க வேண்டும். பலன் இல்லை. பதினோரு தடவை பதிவு செய்தேன். பதினோரு தடவையும் பொய்ச் சிரிப்பு. அக்கா முதல் வினாடியிலேயே பிடித்துவிடுவார். நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. இதற்கிடையில் மனைவி உள்ளே போய்ப் பருப்புக்குக் குக்கர் ஏற்றிவிட்டு வந்திருந்தாள், விசில் வருவதற்குள் ஒரு நல்ல பதிவு வேண்டும் என்று நான் அவசரப்படுத்தியது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

அப்போது வாசலில் ஸ்கூட்டி நின்றது. பேகம்பூர்க்காரி உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "மக்வா."

தலைமை ஆசிரியை அம்மாள் பையும் குடையுமாக உள்ளே வந்தார். ஓடாத மின்விசிறியைப் பார்த்தார், ஓடாத மிஷின்களைப் பார்த்தார், வரிசையாக உட்கார்ந்திருந்த மூவரையும் பார்த்தார்.

"என்ன, வகுப்புக்கு வெளிய நிக்க வச்ச மாதிரி இருக்கீங்க? என் கை பிரிச்சுத் தச்சாச்சா?"

மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது பேசக் கூடாது என்று நான்தான் மிரட்டி வைத்திருந்தேன். நான் அவசரத்தில் மறுபடி அந்தச் சொல்லைப் போட்டுவிட்டேன். "அகிக்" என்றது ஒலிபெருக்கி.

அந்த அம்மாள் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த என் பட்டியலைக் குடை நுனியால் தொட்டார். தலைமை ஆசிரியைக் குரலில், நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"இது பட்டியல்ல இல்லையே. புதுப் பாடமா? ரெண்டு மாசமா ட்ரையல் பாக்க வந்து இதுக்கு முன்னாடிதானே நிக்கிறேன். மக்வா, கரடி. எழுத்துப் பிழை இல்லாம எழுதியிருக்கீங்க சார். வாசல்ல என் வண்டி நின்னதும் உள்ள யாரு இந்தப் பாடத்த ஒப்பிக்கிறதுன்னுதான் தெரியல. ஏத்தா, நீயா?"

பேகம்பூர்க்காரியின் கையிலிருந்த கொக்கி டப்பா கீழே விழுந்து அறை முழுக்க உருண்டது. தாடிக்கொம்புக்காரி ஸ்டூலிலிருந்து சரிந்தாள். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. அந்த அம்மாள் ஒரு வினாடி முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் சிரித்தார். அந்த உறுமலுக்குள் அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நடுவில் குக்கர் விசிலடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதாம் பாடத்தை அனுப்பினேன். ஒலி தெளிவாக இருந்தது. விசிலை எடுத்துவிடுவது பத்து நொடி வேலை.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. ஒன்பதாம் பாடத்தில் கெட்டில் படத்தை அழுத்தினால் சொல் வரும், பிறகு நான்கு பெண்கள் சிரிப்பார்கள், மூன்றாவது வினாடியில் ஒரு விசில் கேட்கும்.